கைய எடுங்க தம்பி

அந்த அக்கா என்னிடம் முதன்முதலாகச் சொன்னது, "கைய எடுங்க தம்பி." கடைசியாகச் சொன்னதும் அதேதான். இந்த இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். என் மாமனார் வீட்டாரும் ஒரு காலத்தில் அப்படி ஒரு முடிவுக்கு வரப் பார்த்தவர்கள்தான்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். கீழே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன், லேமினேஷனும் உண்டு. மேலே அக்கா கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். அவருக்குச் சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு, புருஷன் சார்ஜாவில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் தாண்டாமல் நின்றிருந்தது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர்களோடு நெட்டில் பேச, ஊர்ப் பெண்கள் அக்காவின் மாடிக்குத்தான் வருவார்கள். லைன் கிடைக்க நேரமாகும். காத்திருக்கிற நேரத்தில் இவர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசினால் ரெண்டு குடும்பம் பிரியும் என்பது அக்காவின் கணக்கு. பேச விடாமல் இருப்பதற்காக மூலையில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரில் வீடியோ கேம் போட்டு வைத்தார்.

குட்டி என்றால் இரண்டு கிலோ ஸ்வீட் டப்பா அளவு. சார்ஜாவில் ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டதை அவர் புருஷன் கார்கோவில் அனுப்பியிருந்தார். டி.வி.யில் கேசட் சொருகி ஆடுவோமே, அந்தப் பழைய கேம்கள் எல்லாம் கேசட்டே இல்லாமல் அதற்குள் ஓடின. கம்ப்யூட்டர் தன்னைப் பழைய கேம் பெட்டி என்று நினைத்துக்கொள்கிற மாதிரி ஒரு புரோகிராம் இருந்தது. அக்கா அதை "வேஷம் கட்ற புரோகிராம்" என்பார்.

அதே கார்கோவில் ஒரு மூட்டை ரிமோட்டும் வந்தது. கேம் ஆடுகிற கைப்பிடியை எங்கள் ஊரில் ரிமோட் என்றுதான் சொல்வோம். பட்டன்கள் இருக்கும், கட்டை விரலால் தள்ள ஒரு குமிழ் இருக்கும், பின்னால் ஒயர் தொங்கும். எடைக்குப் போட்ட சரக்கு என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வியாதி. ஒன்று தொடாமலே இடப்பக்கம் இழுக்கும். ஒன்று மேலே தள்ளினால் யோசித்துவிட்டுப் போகும். அக்கா தினமும் காலையில் கடை திறந்ததும் சாம்பிராணி போட்டுவிட்டு, ஒவ்வொரு ரிமோட்டாகச் சொருகிச் சரிசெய்வார். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இதைக் காலிபரேஷன் என்பார்கள். அக்கா சொல்வது, "நடு காட்டுறது."

ஸ்கிரீனில் ஒரு சதுரம் வரும், உள்ளே சின்னதாக ஒரு கூட்டல் குறி. முதலில் குமிழைத் தொடாமல் விட்டுவிட்டு ஒரு பட்டனை அமுக்க வேண்டும். இதுதான் நடு என்று கம்ப்யூட்டர் அந்த ரிமோட்டிலேயே பதிந்துவைக்கும். அடுத்து குமிழை நாலு மூலைக்கும் தள்ளிச் சுற்ற வேண்டும். இதுதான் எல்லை என்று பதிந்துவைக்கும். பிறகு மறுபடி குமிழை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அக்கா சென்டர் திறந்த புதிதில் ஒரு நாள், கரண்டு பில் ஜெராக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்த என்னிடம் ஒரு ரிமோட்டைத் தந்து, ஸ்கிரீனைக் கைகாட்டினார்.

"கைய எடுங்க தம்பி."

"எடுத்துட்டேங்க்கா."

"குமிழ்லேர்ந்து எடுங்க."

"எடுத்துட்டேங்க்கா."

"அப்ப அது யாரு கட்டைவெரலு? எங்க வூட்டுக்காரரு சார்ஜாவுலல்ல இருக்காரு?"

ஸ்கிரீனில் இங்கிலீஷில் நாலு வரி வந்தால் எனக்குக் கை இறுகிவிடும். குமிழை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே பட்டனை அமுக்கினேன். கடைசியிலும் பிடித்தபடியே அமுக்கினேன். கம்ப்யூட்டரும் பாவம், படித்தவன் சொல்கிறான் என்று நம்பிவிட்டது.

அதில் ஒரு ஆட்டம் உண்டு. தபால்காரன் ஒருத்தன் பையை மாட்டிக்கொண்டு கூரை கூரையாகத் தாவ வேண்டும், கீழே நாய்கள் நிற்கும். ஆட்டத்தைப் போட்டோம். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் பார்த்தோம். யாரும் தொடவில்லை. தபால்காரன் தானாகவே வலப்பக்கம் நடந்தான். நிதானமாக, ரிட்டயர்டு ஆனவன் வாக்கிங் போவது போல நடந்து கூரையின் விளிம்பில் இறங்கி நாயின் வாயில் போய் விழுந்தான். நான் இடப்பக்கம் இழுத்துப் பிடித்ததை நடு என்று நம்பிய கம்ப்யூட்டருக்கு, சும்மா இருக்கிற குமிழ் வலப்பக்கம் தள்ளியதாகத் தெரிந்திருக்கிறது.

அக்கா சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவி, அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி சிரித்தார். "உங்க பதட்டத்தயே நடுன்னு எழுதிக்கிச்சு தம்பி. இத நான் மாத்த மாட்டேன். கெடக்கட்டும், ஆவும்." அதன் முதுகில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் தம்பி ரிமோட்டு. எவராவது வந்து, நானெல்லாம் அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தை முழுசா முடித்தவன் என்று அளந்தால், அக்கா பணிவாக அந்த ரிமோட்டை எடுத்துக் கொடுப்பார்.

இதோடு நின்றிருந்தால் நான் எழுத மாட்டேன். அக்கா மனுஷர்களுக்கும் நடு பார்ப்பார்.

எதிர்ச் சாரியில் ஒரு டெய்லர். அவரிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கொண்டுபோய், "லூசா இருக்குண்ணே" என்றார் அக்கா. சரி செய்கிறேன் என்று வாங்கி வைத்தார் அவர். இரண்டு நாள் கழித்து வாங்கிப் போய், மறுநாள் கொண்டுவந்து, "இறுக்கிப் புடிக்குதுண்ணே" என்றார். அதற்கும் சரி செய்கிறேன் என்றார். அடுத்த முறை, "ஒரு கை நீளம், ஒரு கை குட்ட" என்றதும் டெய்லர் அளவு டேப்பைக் கழுத்திலிருந்து உருவி மேசையில் போட்டார்.

"ஏம்மா, சத்தியமாச் சொல்றேன், மொத நாள்லேர்ந்து நான் அதுல ஊசியே வைக்கல."

"தெரியும்ணே. மொத நாளே சரியாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா. படியேறும்போது என்னிடம், "இப்பத்தான் நடுவுக்கு வந்தாரு. இனிமே அவருகிட்ட நம்பித் துணி குடுக்கலாம்" என்றார்.

ஒரு ஆளை நாலு மூலைக்கும் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், அவன் எங்கே வந்து நிற்கிறானோ அதுதான் அவன். இது அக்காவின் கொள்கை. என் மேல் இதைச் செய்ய அவருக்கு மாடிப்படிதான் வசதி. பாதிப் படியில் நின்று, "தம்பி, ஜெராக்ஸ் மிஷின் வச்சிருக்கவங்கள எல்லாம் கலெக்டர் ஆபீஸ்ல கூப்புடுறாங்களாமே?" என்பார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். "எதுக்குன்னா, பாராட்டத்தான்" என்பார். ஷட்டரை ஏற்றிவிட்டு, தலை சீவிக்கொள்வேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பார், தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி. "இன்னும் ஆடுது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்.

அவரையே ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறேன். புருஷனின் அழைப்புக்காகக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். லைன் வரவில்லை. கை அது பாட்டுக்கு ஒரு ரிமோட்டை எடுத்துக் குமிழை ஓர் ஓரமாகத் தள்ளிப் பிடித்திருந்தது. ஸ்கிரீனில் தபால்காரன் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். கையை எடுங்கள் அக்கா என்று சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பு. சொல்லவில்லை. வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிட்டேன். பேசி முடித்து அக்கா இறங்கியபோது, "படியில யாரோ பூன மாரி வந்தாங்க" என்றார். அவ்வளவுதான்.

இப்போது என் வியாதிக்கு வருகிறேன். பதட்டம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்கு நாக்கு ஒட்டும். எனக்கு "ஆமாங்க" வரும். என்ன கேட்டாலும் ஆமாங்க. கேள்வி முடிவதற்கு முன்பேகூட வந்துவிடும். கடைக்கு இது நல்லது, வாடிக்கையாளர்கள் மரியாதைக்காரன் என்று நினைத்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்தான் வம்பு. பூலாம்பாடியில் ஒரு வீட்டில் கேசரி கொடுத்து உட்கார வைத்து, பெண்ணின் அப்பா மெதுவாகக் கேட்டார், "தண்ணி கிண்ணி போடுவீங்களா தம்பி?"

"ஆமாங்க."

சொன்ன பிறகுதான் கேள்வி காதில் விழுந்தது. அவர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார், நல்ல மனுஷன். "அப்பப்பத்தான?"

"ஆமாங்க" என்றேன். எனக்குச் சோடாவே ஒத்துக்கொள்ளாது.

அம்மா என்னைத் திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கக் கூட்டிப்போனாள். அதைப் பார்த்தால் கல்யாணம் கூடி வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அடுத்த வருஷமும் கூட்டிப்போனாள். நந்திக்கு இரண்டு தடவையும் நல்லபடியாக நடந்தது.

அப்போதுதான் அரியலூரில் ஒரு இடம் வந்தது. பெண்ணைப் பார்த்தேன். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சக்கர போதுமா?" என்று கேட்டாள். ஆமாங்க என்றேன். ஒரு வாய் குடித்தால், சர்க்கரையே போடவில்லை. நான் முகம் மாறாமல் முழுதும் குடித்து டம்ளரை வைத்தேன். உள்ளே சர்க்கரை டப்பாவைத் திறக்கிற சத்தமும், அதைத் தொடர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தமும் கேட்டன. அந்தச் சிரிப்பு போதும், இந்த இடம் தவறினால் எனக்கு வேறு இடம் வேண்டாம் என்று பட்டுவிட்டது. அதனால் பதட்டம் இரண்டு மடங்கு.

அவர்கள் வீட்டில் கடைசி வார்த்தை பெண்ணின் தாய்மாமனுடையது. மீன்சுருட்டிக்காரர், விவசாயம். பெண் பார்த்த அன்று அவர் வரவில்லை. "அவரு தனியா வந்து விசாரிப்பாரு. எப்ப வருவாருன்னு சொல்ல மாட்டாரு" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், டீக்கடையில் கேட்பார்கள், எதிர்க்கடையில் கேட்பார்கள். என்னையே கேட்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். அக்காவிடமும் சொன்னேன்.

"துவா செய்றேன் தம்பி. ஆனா உங்களத்தான் மொதல்ல கேப்பாரு, பாருங்க" என்றார்.

ஒரு நாள் காலை பதினோரு மணி வெயிலில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு கடை முன்னால் வந்து நின்றார். போர்டைப் படித்தார், என்னைப் படித்தார். பையிலிருந்து ஒரு கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்து நீட்டினார். "இத ஒரு ஜெராக்ஸ் போடுங்க தம்பி." வாங்கிப் பார்த்தேன். மீன்சுருட்டி. திருவிழாவோ போன வருஷமே முடிந்துவிட்டது. முடிந்த திருவிழாவின் நோட்டீஸை எவன் ஜெராக்ஸ் எடுப்பான்? விசாரிக்க வந்தவன்தான் எடுப்பான்.

கை தானாக வேலை செய்தது. என்ன செய்தது என்பது சூடான பிளாஸ்டிக் வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. நோட்டீஸை லேமினேஷன் செய்து கொடுத்திருந்தேன். பெரியவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஜெராக்ஸ்ல்ல கேட்டேன்?"

"ஆமாங்க."

பாதிப் படியிலிருந்து குரல் வந்தது. "அய்யா, மீன்சுருட்டியா? மேல வாங்க, ஃபேன் இருக்கு. தம்பி, நீங்களும் வாங்க."

மேலே அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நான் இன்னொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. டம்ளரை வைத்த கையோடு கேட்டார்.

"பூலாம்பாடிப் பக்கம் ஒரு சேதி காதுல உளுந்துச்சு. தண்ணி போடுவீங்களா தம்பி?"

உலகமே காத்திருந்தது. "ஆமாங்க" என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் கல்யாணமும் அவரோடு எழுந்து படியைப் பார்த்தது.

"அய்யா, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க" என்றார் அக்கா.

"என்னம்மா வெளையாட்டு இது?"

"வெளையாட்டுதாங்கய்யா" என்று சொல்லி, அவர் கையில் சிவப்புப் பொட்டு வைத்த ரிமோட்டைக் கொடுத்தார். மரியாதைக்காக வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். தபால்காரன் வலப்பக்கம் நடந்துபோய் நாயிடம் விழுந்தான்.

"ஏம்மா, நான் ஒண்ணும் பண்ணலியே."

"நீங்க பண்ணலங்கய்யா. சும்மா வச்சாலே அது அந்தப் பக்கந்தான் போவும். நடு தப்பாப் பதிஞ்சி போச்சி. ஆனா ரிமோட்டு நல்ல ரிமோட்டு. எவ்வளவு சாயுதுன்னு தெரிஞ்சிக்கிட்டா, அதக் கழிச்சிட்டு ஆடலாம்." அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பியும் அதே கேசுதான். இப்பப் பாருங்க. தம்பி, தண்ணியத் தொடவே மாட்டீங்கதான?"

"ஆமாங்க."

"பத்து ஏக்கர் நஞ்ச இருக்கா?"

"ஆமாங்க."

"ஒரு சென்ட்டு கூட கெடயாதா?"

"ஆமாங்க."

"சொந்தமா ஏரோப்ளேன் வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க."

பெரியவர் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "எங்க தம்பி நிறுத்துவீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. பையைக் கீழே வைத்தார். இப்போது அவருக்கே ருசி தட்டிவிட்டது. "கொள்ளிடத்துல முதல புடிச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க."

"முதல உங்களப் புடிச்சிருக்கா?"

"ஆமாங்க."

"பாத்தீங்களாய்யா" என்றார் அக்கா, டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டுகிற தோரணையில். "இவருக்கு ஆமாங்கதான் நடு. அது பதிலு இல்ல, சும்மா நிக்கிறாருன்னு அர்த்தம். பூலாம்பாடில அதப் பதிலுன்னு எடுத்துக்கிட்டாங்க. வேற வார்த்த ஏதாச்சும் வந்துச்சுன்னா, அதுதான் அவரு சொல்றது."

பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டார். அவர் சிரிப்பு போய்விட்டது. மாமனுடைய குரலில் கேட்டார்.

"அப்ப ஒண்ணு கேக்குறேன். இந்த எடம் வேணாம்னு நான் சொல்லிட்டா, சரின்னு உட்டுட்டு வேற எடம் பாத்துக்குவீங்கதான தம்பி?"

என் வாய் 'ஆ'வுக்குத் திறந்துவிட்டது. அது எனக்கே தெரிந்தது. நாற்காலி முதுகைப் பிடித்திருந்த கை இறுகி, நாற்காலியே ஆடியது. சர்க்கரை டப்பா திறக்கிற சத்தம் எங்கேயோ கேட்டது. அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை, ரிமோட்டின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க தம்பி."

எடுத்தேன்.

"இல்லைங்க" என்று ஒரு குரல் கேட்டது. யார் சொன்னது என்று பார்க்க நானும் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

பெரியவர் எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை ஸ்கிரீன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தத் தபால்காரன இன்னொரு தபா உடும்மா" என்றார். கழித்துக் கழித்து ஆடி ஒரு கூரையைத் தாண்டிவிட்டார். பஸ் ஏறப் போகும்போது, நான் வாய் திறப்பதற்குள், "கழிச்சிட்டேன், கழிச்சிட்டேன்" என்று கையை ஆட்டினார். லேமினேஷன் செய்த நோட்டீஸைப் பத்திரமாகப் பையில் வைத்திருந்தார். அது இன்றைக்கும் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

அரியலூரில்தான் கல்யாணம். முதல் முடிச்சுப் போட்டுவிட்டு நான் தாலிக் கயிற்றை விடாமல் பிடித்திருக்க, மிச்ச முடிச்சைப் போட வந்த என் கூடப்பிறந்த அக்காள், "கைய எடுடா" என்று மேடையிலேயே அதட்டினாள். முன்வரிசையில் ஒருவர் முக்காட்டு முனையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாயிரத்து ஏழில் புருஷன் அவரைச் சார்ஜாவுக்கே கூப்பிட்டுக்கொண்டார். குட்டிக் கம்ப்யூட்டரையும் மற்ற ரிமோட்டுகளையும் உறவுக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தார். சிவப்புப் பொட்டு ரிமோட்டை மட்டும் கைப்பைக்குள் வைத்தார். "இது எதுக்குங்க்கா அங்க?" என்றேன். "நம்ம வூட்டுக்காரரு போன்ல ரொம்ப அளக்குறாரு தம்பி. போனதும் மொத வேலையா அவரு கையில இதத்தான் குடுக்கணும்" என்றார்.

லெப்பைக்குடிக்காட்டில் வீட்டு வாசலில் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகிற வேன் நின்றது. நானும் மனைவியும் போயிருந்தோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கூட வந்த சொந்தக்காரர்கள் அழுதுகொண்டிருக்க, இவர் என்னைப் பார்த்து அந்தப் பழைய படிக்கட்டுக் குரலில் கேட்டார்.

"எப்படியோ ஒழிஞ்சாடா சாமின்னு இருக்கும். நான் போறதுல சந்தோஷந்தான தம்பி?"

"இல்லைங்க" என்றேன்.

மனைவி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வார்த்தையின் விலை அவளுக்குத் தெரியும். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், கைப்பையைத் திறந்து மூடினார், எதிர்ச் சுவரைப் பார்த்தார். இன்னும் ஆடுது என்று நான் சொல்லியிருக்கலாம். என்ஜின் சத்தம் கேட்டது.

"டிரைவரு வண்டிய எடுத்துட்டாரு" என்றார் அக்கா. "கைய எடுங்க தம்பி."

அப்போதுதான் பார்த்தேன். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேனோடு நாலு எட்டு நடந்திருந்தேன். எடுத்தேன். வேன் தெருமுனையில் திரும்பியது.

"வூட்டுக்குப் போவமா?" என்றாள் மனைவி.

"ஆமாங்க" என்றேன்.